உயரம் கூட்டுமுன் எடை மேடை

ஸ்பிதிக்கோ லடாக்கிற்கோ கூடாரத்துடன் புறப்படத் திட்டமிடும் எவரும் முதலில் கேட்கும் அறிவுரை, ‘வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்திவிடுங்கள்’ என்பதாகவே இருக்கிறது. நாங்களும் அவ்வாறே கேட்டோம், அவ்வாறே செய்தோம். பணி ஓய்விற்குப் பிறகு கணவனும் மனைவியுமாக மலைப்பாதைகளில் அலைவது என்று முடிவெடுத்து, வங்கிக் கடனில் ஐந்து கதவு ஜிம்னி ஒன்றை வாங்கினோம். வாங்கிய இரண்டாம் மாதமே அதன் சஸ்பென்ஷனை மாற்றினோம். அந்த அவசரத்திற்கு நாங்கள் கொடுத்த விலையையும், அதன் பிறகு எங்களுக்கு உண்டான கருத்தையும் இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

எங்கள் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்நாட்டில் முகாம் பயணம் செய்யும் குடும்பங்களில் பெரும்பாலோர்க்குத் தேவைப்படுவது உயரம் அன்று; எடைக் கட்டுப்பாடு. சுருள்வில்லைத் தேர்ந்தெடுப்பது அதற்குப் பின் வரவேண்டிய வேலை.

சஸ்பென்ஷனை உயர்த்துவதால் என்ன கிடைக்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. வண்டியின் உடலும் சட்டமும் உயர்கின்றன. எனவே கற்பாறையின் மேல் ஏறி இறங்கும்போது நடு வயிறு தட்டுவது குறைகிறது. ஆனால் ஜிம்னியைப் போல் முன்னும் பின்னும் திட அச்சு கொண்ட வண்டியில், தரைக்கு மிக அருகில் இருப்பது அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் குடுவை. அது ஒரு மில்லிமீட்டர்கூட உயர்வதில்லை. அதை உயர்த்தப் பெரிய டயர் ஒன்றே வழி. அதிலும் டயரின் விட்டம் 50 மில்லிமீட்டர் கூடினால் அச்சு உயர்வது 25 மில்லிமீட்டர்தான். நிறுவனம் தந்த 210 மில்லிமீட்டர் இடைவெளியைச் சஸ்பென்ஷன் மாற்றத்தால் 260 ஆக்கிவிடலாம் என்று நாங்கள் போட்டிருந்த கணக்கு, இந்த ஒரு செய்தியிலேயே விழுந்துவிட்டது.

எங்கள் வண்டிக்குப் பொருத்தப்பட்டது சுருள்வில்லின் தலைமாட்டில் வைக்கும் ஸ்பேசர், மலிவான வழி. வில்லும் பழையது, ஷாக் அப்சார்பரும் பழையது. பட்டறையில் ‘ஒன்றும் ஆகாது’ என்றார்கள். நெடுஞ்சாலையை அடைந்ததும் ஸ்டியரிங் நேராக நிற்க மறுத்தது. திட அச்சு வண்டியை உயர்த்தும்போது அச்சு சற்றே முன்னோக்கிச் சுழல்வதால், காஸ்டர் எனப்படும் சாய்வுக் கோணம் குறைகிறது. சக்கரம் தானாகவே நேர்ப்படும் இயல்பு அதனுடன் குறைந்துவிடுகிறது. பக்கவாட்டில் அச்சைப் பிடித்திருக்கும் பான்ஹார்ட் தண்டின் கோணம் மாறுவதால் அச்சு ஒரு பக்கமாக நகர்ந்தும் விடுகிறது. முகப்பு விளக்குகளோ எதிரில் வரும் லாரி ஓட்டுநர்களின் கண்ணில் நேராக விழுந்தன. அவர்கள் விளக்கை அணைத்தணைத்துக் காட்டியதன் பொருள் எங்களுக்கு இரண்டாம் நாள்தான் விளங்கியது. காஸ்டர் திருத்தும் புஷ், அளவு மாற்றத்தக்க பான்ஹார்ட் தண்டு, நீளமான பிரேக் ஹோஸ், விளக்கைச் சரிசெய்தல் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தபோது, மலிவு என்று எண்ணியது மூன்று மாதத் தவணைக்கு நிகராயிற்று. முன்புறம் தனிச் சஸ்பென்ஷன் உள்ள தார், குர்கா போன்ற வண்டிகளில் வேறு வகைச் சிக்கல்: அங்கே சக்கரத்திற்குச் செல்லும் தண்டின் கோணம் செங்குத்தாகி, மூட்டுகளும் அவற்றின் ரப்பர் உறைகளும் விரைவில் தேய்கின்றன.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு கிராம்பூவிலிருந்து பாதல் செல்லும் பாதையை அடைந்தோம். அங்கே சாலை என்பது பெயரளவில்தான். உருளைக் கற்களும், குறுக்கே ஓடும் ஓடைகளும். பகல் ஏற ஏறப் பனி உருகி ஓடைகள் பெருகும் என்பதால் காலையிலேயே கடந்துவிட வேண்டும். ஒவ்வொரு பள்ளத்திலும் பின்புறம் ‘டங்’ என்று அடித்தது. உயர்த்தப்பட்ட வண்டி, சுமையில் அமுங்கி, பழைய உயரத்திலேயே நின்றுகொண்டிருந்தது. ஓடைக் கரைகளில் பக்கவாட்டில் சாய்ந்தபோது கூரைமேலிருந்த கூடாரத்தின் எடை எங்களைப் பள்ளத்தாக்கை நோக்கி இழுப்பதை இருவரும் உணர்ந்தோம், இருவரும் பேசவில்லை. குன்சும் கணவாயைத் தாண்டிக் காசாவில் தங்கிய இரவுதான் அதைப் பற்றிப் பேசினோம்.

ஊர் திரும்பியதும் செய்த முதல் வேலை, புறப்படுமுன் செய்திருக்க வேண்டியது. லாரிகள் நிற்கும் எடை மேடைக்கு வண்டியை முழுச் சுமையுடன் கொண்டு சென்றோம். காட்டிய எண் 1,705 கிலோ. நிறுவனம் வகுத்த மொத்த எடை வரம்போ 1,545 கிலோ. வெறும் வண்டியே ஏறத்தாழ 1,200 கிலோ. எஞ்சிய சுமார் 345 கிலோவுக்குள் மனிதர், நீர், உணவு, கருவிகள், அழகுக்காகப் பூட்டிய இரும்பு எல்லாம் அடங்க வேண்டும். நாங்கள் 160 கிலோ மிகுதியாக ஏற்றிக்கொண்டு, உலகின் மிகக் கரடான பாதைகளுள் ஒன்றில் சென்று வந்திருந்தோம். எத்தனை தடித்த சுருள்வில்லைப் பொருத்தினாலும் இந்த வரம்பு உயர்வதில்லை; பிரேக்கும் அச்சும் சக்கரத் தாங்கிகளும் பழையவையே அல்லவா?

பிறகு கழித்தல் தொடங்கியது. முன்புற இரும்புத் தடுப்பும் வின்ச்சும் சேர்ந்து 70 கிலோ, கழற்றினோம். (மோதல் தடுப்புக் கம்பிகள் மோட்டார் வாகனச் சட்டத்திற்கு மாறானவை என்று மத்திய அரசு 2017ஆம் ஆண்டிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருந்ததை அப்போதுதான் அறிந்தோம்.) கூரைக் கூடாரமும் அதன் சட்டமும் 85 கிலோ, விற்றுவிட்டு 8 கிலோவில் தரைக் கூடாரம் வாங்கினோம். மூன்று நீர்க் கேன்கள் ஒன்றாயின. இப்போது 1,518 கிலோ. ஸ்பேசரை நீக்கி நிறுவனத்தின் உயரத்திற்கே திரும்பினோம். அடுத்த ஆண்டு அதே பாதையில் ‘டங்’ ஒலி இருமுறை மட்டுமே கேட்டது.

உயர்த்தவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. வரம்பிற்குள் இருந்தும் நிலையான சுமையை எப்போதும் சுமக்கும் வண்டிக்கு, அச்சுவாரியாக அளந்த எடைக்கு ஏற்ற சுருள்வில்லும் அதற்கு இணையான ஷாக் அப்சார்பரும் தேவைப்படலாம். அத்தகைய தொகுதியுடன் வரும் 30, 40 மில்லிமீட்டர் உயர்வு தீங்கற்றது. ஆனால் ‘எவ்வளவு உயரும்?’ என்று கேட்காமல் ‘எத்தனை கிலோவுக்கு?’ என்று கேளுங்கள். இக்கேள்விக்கு விடை சொல்லாத பட்டறையில் வண்டியை விடாதீர்கள். வாரத்தில் ஐந்து நாள் வெறுமையாக ஓடும் வண்டிக்குக் கனத்த வில்லைப் போட்டால், அந்த ஐந்து நாளும் முதுகுதான் அதற்கு ஈடு கட்டும்.

வங்கி வாடிக்கையாளர் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என வகுத்துள்ளது. எனவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் முன்னதாகக் கேட்டு, விடையை எழுத்தில் பெறுவதே முறை. கடன் முடியும்வரை பதிவுச் சான்றில் வங்கியின் பெயரும் இருக்கிறது. கடன் ஒப்பந்தத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள். தெரிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டி இழப்பீடு மறுக்கப்பட்டால், வண்டி பள்ளத்தாக்கில் கிடக்கும்போதும் தவணை மாதந்தோறும் நம் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருக்கும். ஸ்பிதியில் ஓடைக்கரையில் சாய்ந்து நின்ற அந்த நொடியில் எங்கள் காப்பீட்டாளருக்கு எதுவும் தெரியாது என்பதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

எங்களில் ஒருவருக்கு உயர்ந்து நிற்கும் வண்டியின் மேல் ஆசை இன்னும் போகவில்லை. கழற்றிய ஸ்பேசர்கள் நான்கும் பரணில் இருக்கின்றன. மற்றவர் அவற்றைப் பழைய இரும்புக்காரரிடம் போடச் சொல்லி இரண்டு ஆண்டுகளாகிறது. வரும் ஜூலையில் பாங்கி பள்ளத்தாக்கிற்குச் செல்வதாக இருக்கிறோம். எடை மேடைக்குச் செல்லும் நாள் மட்டும் நாட்காட்டியில் குறித்தாயிற்று.