சட்டியில் இனியது பட்டியில் இழிவாமோ?

ஓர் இல்லத்தின் அடுப்படியைப் பற்றி அரசியல் ஏட்டிலே எழுதப் புகுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். வயிற்றுப் பாட்டைவிடப் பெரிய அரசியல் வேறொன்றுமில்லை என்பதை உணர்ந்த எமது வாசகர்கள் அவ்வாறு எண்ணார் என்பது என் நம்பிக்கை. 2022 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பண்டங்களின் விலை ஓராண்டுக்கு முன்னிருந்ததைவிட 94.9 வீதம் உயர்ந்து நின்றது. முந்திய ஆண்டில் ஒரு கூடை நிறையக் கிடைத்தது, அதே பணத்துக்கு அரைக் கூடையாகச் சுருங்கிற்று. சம்பளமோ சுருங்கிய கூடையைக் கண்டு இரங்கி வளரவில்லை.

அந்நாட்களிலேதான் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் ஆட்டிறைச்சியின் இடத்தைப் பன்றியிறைச்சி பிடித்தது. முதலில் ஆடு விலகிற்று. தீவன விலை ஏறவே கோழியும் கைக்கெட்டாது போயிற்று. என் மனைவி கணக்குப் பார்த்தார், கடைத்தெருவில் விசாரித்தார், ஒரு நாள் ஒரு கிலோ பன்றியிறைச்சியை வாங்கி வந்து, கொறுக்காய்ப்புளியும் மிளகும் கூட்டிப் பிரட்டலாக வைத்தார். பிள்ளைகள் இரண்டாம் முறையும் சோறு கேட்டனர். மரக்கறி உண்ணும் என் தாயாருக்கு வேறு அடுப்பு, வேறு சட்டி, வேறு அகப்பை. அவர் ஒன்றும் கூறவில்லை. ஆனால் “அயலுக்குச் சொல்லிக்கொண்டு திரியாதே, தம்பி” என்று மட்டும் எச்சரித்தார். அந்த ஒரு வாக்கியமே இக்கட்டுரைக்கு வித்து.

ஏன் சொல்லக்கூடாது? களவெடுத்து உண்டோமா? சட்டம் தடுத்த பண்டத்தை உண்டோமா? இல்லை. எனினும் நம்மவருள் பலர் இவ்விறைச்சியை உண்பதற்கு நாணுவதில்லை. உண்டதாகச் சொல்வதற்கே நாணுகின்றனர். கொழும்பு விடுதிகளிலே காலையுணவுக்கு ‘பேக்கன்’ என்ற பெயரில் வந்தால் அது நாகரிகம். ஊரிலே ஓர் ஏழை தன் வளவில் வளர்த்து விற்றால் அது அசிங்கம். பெயர் மாறினால் பன்றி மாறிவிடுமா?

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு வழக்கிலே, பன்றி வளர்க்கும் ஒருவருக்காக நான் நீதவான் முன் தோன்றினேன். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆம் பிரிவின் கீழ், பொதுத் தொல்லை என்று அயலவர் முறையிட்டிருந்தனர். முறைப்பாட்டில் நியாயம் இல்லாமலில்லை. கழிவுநீர் வாய்க்கால் உடைந்திருந்தது. மணம் பொறுக்கக் கூடியதாயில்லை. வாய்க்காலைத் திருத்தவும் குழியை மூடவும் எனது கட்சிக்காரர் உடன்பட்டார். ஆயின் முறையிட்டவர்களின் கோரிக்கை வாய்க்காலோடு நிற்கவில்லை. “இந்தத் தொழில் செய்கிறவர்கள் எங்கள் ஒழுங்கைக்குள் இருக்கக்கூடாது” என்றனர். நீதிமன்றத்துக்கு வெளியே, அவர்களுள் ஒருவர் என் காதோடு காதாக, நல்ல இறைச்சி அம்மனிதரிடமே கிடைக்கும் என்றும் கூறினார்! நாற்றம் என்பது வாய்க்காலிலே மட்டும் இருக்கவில்லை என்பதை அன்று நான் கண்டேன்.

சட்டம் இவ்விடயத்தில் தெளிவாகவே பேசுகின்றது. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14(1)(எ) உறுப்புரை சட்டபூர்வமான எத்தொழிலையும் புரியும் சுதந்திரத்தைப் பிரசைக்கு அளிக்கின்றது. 12(2) உறுப்புரை சாதியின் பேரால் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கின்றது. அதற்கும் முன்னரே, 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதி காரணமாக ஒருவர் மீது சமூக இயலாமையைச் சுமத்துவதைக் குற்றமாக்கிவிட்டது. சுகாதாரத்தின் பேரால் எழுகின்ற முறைப்பாடு சுகாதாரத்தோடு நிற்கவேண்டும். அதன் முதுகிலே சாதி ஏறிச் சவாரி செய்ய இடமளிக்கலாகாது.

சமயத்தைக் காட்டி மறுப்போர் உளர். அவர்களது மனச்சான்றை நான் மதிக்கின்றேன். புலால் முற்றாக நீத்தோர் முன் தலைவணங்குகின்றேன். ஆனால் ஆட்டை உண்டுகொண்டே பன்றியைப் பழிப்போரிடம் ஒரு கேள்வி உண்டு. வள்ளுவர் ‘புலால் மறுத்தல்’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார். ஆடு உயர்வு, பன்றி தாழ்வு என்று அதிலே படிவரிசை வகுக்கவில்லை. அத்தராசிலே இருவரும் ஒரே தட்டிலேதான் நிற்கின்றோம். சேக்கிழார் பெருமான் பன்னிரண்டாம் நூற்றாண்டிலே பாடிய பெரியபுராணத்தில், வேடராகிய கண்ணப்பர் காளத்தியப்பருக்குப் படைத்தது எதனை? தாம் வேட்டையாடிய பன்றியின் ஊனை. வாயிலிட்டுச் சுவை பார்த்த ஊனை! மதுரைத் திருவிளையாடலிலே, தாயிழந்த பன்றிக்குட்டிகளுக்குப் பாலூட்டுவதற்காகத் தாய்ப் பன்றியாகவே இறைவன் எழுந்தருளினான் என்று படிக்கின்றோம். இவை நம்மைப் பன்றியுண்ணுமாறு ஏவும் விதிகளல்ல. ஆனால் இப்பிராணியும் இதனோடு வாழ்பவரும் இழிந்தவர் என்ற எண்ணத்துக்குச் சைவத்தைச் சாட்சிக்கு அழைப்போர், குறுக்கு விசாரணைக்கும் ஆயத்தமாய் வரவேண்டும்.

மறுபுறத்திலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். நமது முஸ்லிம் சகோதரர்களுக்கு இவ்விறைச்சி மார்க்கத்தால் விலக்கப்பட்டது. அவர்களைச் சீண்டுவதற்காக இதனை உண்பதும், உண்டதைப் பறைசாற்றுவதும் வீரமன்று, சிறுமை. மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு 2020 செப்டெம்பரில் அமைச்சரவை இணங்கியபோது, உணவு இன எல்லைக் கல்லாக நடப்படுவதை நாம் கண்டோம். என் சட்டிக்குள் அரசு எட்டிப் பார்க்கலாகாது என்று வாதாடுபவன், அயலவன் சட்டிக்குள் தானும் எட்டிப் பார்க்கலாகாது. முஸ்லிம் நண்பர் ஒருவர் விருந்துக்கு வரும் நாளில் எங்கள் வீட்டில் அவ்விறைச்சி சமைக்கப்படுவதில்லை. இது விட்டுக்கொடுப்பன்று, விருந்தோம்பல்.

இனிக் கமக்காரர் கணக்கைப் பார்ப்போம். பன்றி ஏறத்தாழ 114 நாளில் ஈனும். ஓர் ஈற்றில் எட்டுத் தொடக்கம் பன்னிரண்டு குட்டிகள் கிடைப்பது வழமை. நல்ல பராமரிப்பில் ஆறு மாதமளவில் ஒரு குட்டி 90 தொடக்கம் 100 கிலோ வரை வளரும். ஆடோ ஐந்து மாதம் சுமந்து ஒன்றோ இரண்டோ ஈனும். இக்கணக்கைக் கண்டு மயங்கி உடனே பன்றிக்கூடு கட்டப் புறப்படுவோர் மறுபக்கத்தையும் புரட்டுக. ஆடு நமது வேலியின் கிளுவையையும் பூவரசையும் தின்று வளரும். பன்றி இலை தின்று கொழுப்பதில்லை. அதற்குத் தவிடும் சோளமும் பிண்ணாக்கும் வேண்டும். 2021 ஏப்பிரிலில் இரசாயன உரத்துக்குத் தடை அறிவிக்கப்பட்டு, நவம்பரில் அது நீக்கப்படுவதற்குள் பயிருக்கு நேர்ந்த சேதம், சோளத்தின் வழியாகக் கால்நடைத் தீவனத்தையும் தாக்கிற்று. ஆகவே பன்றியின் மலிவு என்றும் நிலைக்கும் வரமன்று.

வயலருகே பன்றி வளர்ப்பதன் ஆபத்தை நாடு ஒரு முறை உயிர் கொடுத்துக் கற்றது. வடமத்திய மாகாணத்தில் நெற்செய்கையாளருக்கு மேலதிக வருமானமாகப் பன்றி வளர்ப்பு அறிமுகமான பின்னர், 1985 தொடக்கம் 1988 வரை அநுராதபுரப் பகுதியில் யப்பானிய மூளையழற்சி கொள்ளைநோயாகப் பரவிற்று. வயல்நீரிற் பெருகும் நுளம்பு பன்றியைக் கடிக்கின்றது. பன்றியின் இரத்தத்தில் கிருமி பல்கிப் பெருகுகின்றது. அந்நுளம்பே மனிதரையும் கடிக்கின்றது. தடுப்பூசித் திட்டம் 1988 இல் தொடங்கிற்று. கமக்காரருக்கு நன்மை செய்யப் புறப்பட்ட ஒரு திட்டம், நுளம்பைக் கணக்கில் எடாமையால் அவர்தம் பிள்ளைகளையே தாக்கிற்று. நீர் தேங்கும் வயலுக்கும் பன்றிக்கூட்டுக்கும் இடையே தூரம் வேண்டும் என்பது இதன் பாடம்.

அடுத்த அடி 2024 ஒக்டோபரில் விழுந்தது. ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையில் உறுதிசெய்யப்பட்டு, நாடு முழுவதும் நோய்ப் பிரதேசமாக வர்த்தமானியிற் பிரகடனஞ் செய்யப்பட்டது. இந்நோய் மனிதரைத் தொற்றாது. ஆனால் பன்றிக்கு இதற்கு மருந்தில்லை. புகுந்த பட்டியில் ஒன்றும் மிஞ்சாதென்றே சொல்லலாம். உறைய வைத்த இறைச்சியிலும் பதனிட்ட இறைச்சியிலும் கிருமி மாதக்கணக்கில் உயிர்வாழும். விடுதிகளின் மிச்சச் சோற்றைக் காய்ச்சாமல் பன்றிக்கு ஊற்றுவது அதற்கு வாயில் திறந்துவிடுவதாகும். 2018 ஓகஸ்டில் சீனத்திற் புகுந்த இதே நோயால், அடுத்த ஆண்டு இறுதியில் அந்நாட்டில் பன்றியிறைச்சி விலை இரட்டிப்புக்கு மேல் ஏறிற்று. அத்தகைய பேரரசே தடுமாறியதெனில், இரண்டு தாய்ப் பன்றிகளை நம்பியிருக்கும் நமது சிறு வளர்ப்பாளர் எம்மாத்திரம்?

அடுப்படிக்கும் இரண்டு வார்த்தை. மற்றைய இறைச்சிகளிலும் பார்க்கப் பன்றியில் தயமின் என்னும் உயிர்ச்சத்து மிகுதி, கொழுப்பும் மிகுதியாகலாம். எனவே கொழுப்பு வழித்த தசைத்துண்டையே கேட்டு வாங்குக. அதன் நெய்யே போதுமாகையால் தேங்காய்ப் பாலும் எண்ணெயும் வேண்டியதில்லை. அரைவேக்காடு ஒருபோதும் ஆகாது. நாடாப்புழுவும் பிற ஒட்டுண்ணிகளும் வேகாத தசையின் வழியே உடலிற் புகும். நெடுநேரம் கொதித்து வேகும் நமது கறிமுறை இவ்வகையில் நல்ல காவல். அவசரமாக நெருப்பில் வாட்டுவோரே மிகவும் கவனமாயிருத்தல் வேண்டும்.

எனது கோரிக்கைகள் எளியவை. கிராமந்தோறும் மிருக வைத்திய சேவை எட்டவேண்டும். பரிசோதிக்கப்பட்ட கொல்களத்திலிருந்தே இறைச்சி சந்தைக்கு வருதல் வேண்டும். அதற்கான வசதியைப் பிரதேச சபைகள் செய்து கொடுத்தல் வேண்டும். நோயால் பட்டியை இழப்பவருக்கு முறையான இழப்பீடு வேண்டும். இழப்பீடு இல்லாதவிடத்து நோயுற்ற பன்றி மறைவாய் அறுக்கப்பட்டு நம் இலைக்கே வரும் என்பதை மறவாதிருப்போமாக! இவற்றை அரசிடமும் சபைகளிடமும் கேட்போம்.

ஆனால் ஒன்றை மட்டும் அரசிடம் கேட்டுப் பயனில்லை. ஞாயிறு தோறும் உண்டு மகிழ்ந்துவிட்டுத் திங்கட்கிழமை அதனை வளர்த்தவரை ஒழுங்கைக்கு வெளியே நிறுத்தும் இரட்டை மனத்தை நாமேதான் கழுவவேண்டும். உண்ண விரும்பாதார் உண்ணாதிருக்கட்டும். அது அவர் அறம். உண்பவர் தலைநிமிர்ந்து உண்ணட்டும். வளர்த்தவரை வாசலில் நிறுத்தாது உள்ளே அழைத்து இருத்தட்டும். அடுத்த முறை என் கட்சிக்காரர் வீட்டுக்கு வரும்போது, என் தாயாரின் எச்சரிக்கையையும் மீறி, அயல் அறிய அவருடன் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதென்று நான் முடிவு செய்திருக்கின்றேன்.