ஒரே வருஷப் பிறப்பு, இரண்டு தேதி

சித்திரை பிறந்த அன்று நம் வீட்டில் வேப்பம்பூப் பச்சடி மணக்கிறது. அதே நாளில் கொல்கத்தாவிலுள்ள வங்காளித் தோழிக்கு வாழ்த்துச் சொல்லிப் பாருங்கள். “எங்களுக்கு நாளைக்குத்தான் வருஷப் பிறப்பு” என்று அவள் சிரித்தாலும் சிரிப்பாள்!

சூரியன் மேஷ ராசியில் நுழைவது எல்லோருக்கும் ஒரே வேளையில்தான். ஆனால், அஸ்தமனத்துக்குள் நுழைந்துவிட்டால் நமக்கு அன்றைக்கே மாதம் பிறந்துவிடும். வங்காளத்திலோ நள்ளிரவுக்குள் நுழைந்தால், அந்த நாளைச் சங்கராந்தி என்று பழைய வருஷத்துக்கே விட்டுக் கொடுத்துவிடுவார்கள். மறுநாள்தான் வைசாக மாதம் முதல் தேதி. பெரும்பாலும் அது ஏப்ரல் 15-ஆக இருக்கும். நமது சித்திரைதான் அவர்களுடைய வைசாகம்.

இந்த வருஷக் கணக்கை ஏற்படுத்தியவர் அக்பர் என்று பலரும் சொல்வார்கள். சசாங்க மன்னன் காலத்தது என்பாரும் உண்டு. அக்பர் கதையில் ஒரு நியாயம் இருக்கிறது. ஹிஜிரி வருஷம் சந்திரனைக் கொண்டது. சூரிய வருஷத்தைவிடச் சுமார் 11 நாள் குறைவு. அதன்படி வரி கேட்டால், சில வருஷங்களில் கதிர் முற்றுமுன்பே வரி கட்டும் நாள் வந்து நிற்கும். குடியானவன் எங்கே போவான்? 1584-ல் அக்பர் சூரிய வருஷக் கணக்கைக் கொண்டுவந்தார்.

வரிக் கணக்கோடு வந்த பண்டிகை என்பதாலோ என்னவோ, இன்றும் அன்று கணக்கு முக்கியம். ‘ஹால் காதா’ என்று வியாபாரிகள் புதுக் கணக்குப் புத்தகம் போடுவார்கள். வாடிக்கைக்காரர்கள் பழைய பாக்கியைத் தீர்க்க, கடைக்காரர் இனிப்புக் கொடுத்து உபசரிப்பார்.

இனிமேல்தான் சங்கடம். 1966-ல் டாக்காவில் முகம்மது ஷஹீதுல்லா தலைமையில் ஒரு குழு, மாதங்களுக்கு இத்தனை நாள் என்று திட்டமாக வகுத்தது. பங்களாதேஷ் 1987-ல் அதைச் சர்க்கார் கணக்காக ஏற்றது. அங்கே இப்போது வருஷப் பிறப்பு என்றால் ஏப்ரல் 14-தான். மேற்கு வங்காளம் பழைய பஞ்சாங்கத்தை விடவில்லை. 1947-ல் நிலம் பிரிந்தது. பிறகு நாளும் பிரிந்தது!

டாக்காவில் இந்துக் குடும்பங்கள் பலவற்றில் இரண்டும் உண்டு. 14-ஆம் தேதி சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவை உடுத்தி ஊரோடு கொண்டாட்டம். 15-ஆம் தேதி பஞ்சாங்கப்படி வீட்டில் பூஜை. எது சரியான தேதி என்று பண்டிதர்கள் வாதாடட்டும். இரண்டு நாளும் அடுப்பு மூட்டுகிற வீட்டுக்காரிக்கு இரண்டும் சரிதான்.

அடுத்த சித்திரையில் வங்காளித் தோழிக்கு வாழ்த்துச் சொல்லுமுன், “உங்கள் வீட்டில் என்றைக்கு?” என்று கேட்டுக்கொள்ளுங்கள், சகோதரிகளே! அதற்கு முன்னால் நம் மளிகைக் கடைப் பாக்கியையும் தீர்த்துவிடுவோமா?