மனப்பாடத்தில் அடங்காத பௌதிகம்

பௌதிக சாஸ்திரம் என்பது சில விதிகளும் அவற்றுக்குரிய சூத்திரங்களும் சேர்ந்த ஒரு தொகுப்பு என்றும், அவற்றைப் பிழையின்றி நெட்டுருச் செய்து பரீட்சைத்தாளில் திருப்பி எழுதிவிட்டவன் அந்தச் சாஸ்திரத்தைக் கற்றவனாகிவிடுகிறான் என்றும் ஓர் அபிப்பிராயம் நம் நாட்டில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கல்வி வாசனையற்றவர்கள் மட்டும் இவ்வாறு எண்ணினால் அதைப் பொருட்படுத்தாது விடலாம். பெற்றோரும் உபாத்தியாயர்களும் பள்ளி நடத்துவோரும், பட்டம் பெற்று உத்தியோகத்தில் அமர்ந்தவர்களுங்கூட இதையே உண்மையென்று கொண்டிருக்கிறார்கள். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே விரிந்து கிடக்கும் சமவெளியிலோ, இந்த அபிப்பிராயம் விடுதிகளும் பேருந்துகளும் விளம்பரப் பலகைகளுமாக ஒரு பெருந்தொழிலாகவே வளர்ந்து நிற்கிறது. இது தவறான அபிப்பிராயம் மட்டுமன்று, பௌதிகத்தின் ஜீவனையே போக்கிவிடும் அபிப்பிராயம் என்பது என் துணிபு.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். மானாவாரிக் காட்டை நம்பி வாழ்ந்த குடும்பங்களிலும், தறிக்கூடத்துக் கூலியிலும் லாரிப் பட்டறை வருமானத்திலும் ஜீவித்த குடும்பங்களிலும் பிறந்த எத்தனையோ பிள்ளைகள் இந்தப் பள்ளிகளின் வழியாக வைத்தியக் கல்லூரிக்கும் பொறியியல் கல்லூரிக்கும் சென்றிருக்கிறார்கள். தன் தலைமுறையில் எழுத்தறியாத ஒரு தகப்பன், மகளின் மார்க்கைக் கேட்டு நெஞ்சு நிமிர்வதை நான் குறை கூறமாட்டேன். அந்தத் தகப்பனின் ஆசை புனிதமானது. அந்த ஆசைக்கு விற்கப்பட்ட சரக்கைப் பற்றியே என் வழக்கு.

அந்தச் சரக்கு எவ்வாறு தயாராயிற்று என்பது இப்பகுதியில் யாவரும் அறிந்ததே. மேல்நிலைக் கல்வி ஈராண்டுப் படிப்பாக இருந்தும், இரண்டாம் ஆண்டில் மட்டுமே பொதுத்தேர்வு இருந்த காலத்தில், பதினோராம் வகுப்புப் பாடங்களைப் பெயரளவில் தொட்டுவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே ஈராண்டும் திரும்பத் திரும்ப ஓதுவிக்கும் வழக்கம் பல பள்ளிகளில் நிலைபெற்றது. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை வினா வரும் என்று முன்கூட்டியே உரைத்த ‘புளூபிரிண்ட்’ அந்த வழக்கத்துக்கு உற்ற துணையாயிற்று. 2017-ஆம் ஆண்டில் அரசு மாநில அளவிலான தர வரிசை அறிவிப்பை நிறுத்தி, 2017–18 கல்வியாண்டு முதல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்ததற்கு இந்த நிலையே ஒரு முக்கிய காரணம். அந்தத் தேர்வு 2025-இல் மாநிலக் கல்விக் கொள்கையோடு விலக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்ததில் எனக்கும் சந்தோஷமே. ஆயினும் பழைய வழக்கத்துக்கு அடைத்திருந்த வாசல் இதனால் மீண்டும் திறந்துவிடக் கூடாதே என்ற அச்சமும் உடன் எழுகிறது.

ஏனெனில் அவ்வாறு தாண்டப்படும் பதினோராம் வகுப்பில் இருப்பது என்ன என்பதைச் சிந்திக்க வேண்டும். பௌதிக உலகின் இயல்பையும் அளவீட்டையும் கூறும் முதல் அத்தியாயம் அங்கேதான் இருக்கிறது. நியூட்டனின் இயக்க விதிகளும், வேலையும் ஆற்றலும், ஈர்ப்பும், பாய்மங்களின் குணங்களும், வெப்ப இயக்கவியலும், அலைவும் அலையும் அங்கேதான் இருக்கின்றன. மின்சாரமும் ஒளியும் அணுவுமாகப் பன்னிரண்டாம் வகுப்பில் வருவன எல்லாம் இந்த அஸ்திவாரத்தின்மீது எழுப்பப்பட்டவை. ஆகவே பதினோராம் வகுப்பைத் தாண்டச் செய்பவர், அடிப்படை விதிகளையே தாண்டச் செய்துவிட்டு, அவற்றின் பயன்களைச் சுலோகம்போல் ஒப்புவிக்கச் சொல்கிறார்.

ஒரு பௌதிக விதி எத்தகையது என்பதை விளக்க வெளிநாட்டு ஆராய்ச்சிசாலைகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. நம் கிணற்று மேட்டிலேயே தொடங்கலாம். பாறையை வெட்டி இறக்கிய கிணறுகளில் நீர்மட்டம் தாழத் தாழ, மேலே இருந்த மோட்டாரைக் கழற்றிக் கிணற்றுக்குள்ளேயே மேடை அமைத்து இறக்கி வைப்பது நம் குடியானவர்கள் நெடுங்காலம் கையாண்ட முறை. மோட்டார் நீருக்குச் சமீபத்தில் இருந்தாலொழியத் தண்ணீர் ஏறாது என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். காரணம் யாதெனில், அத்தகைய பம்பு நீரை இழுப்பதேயில்லை. குழாயிலுள்ள அழுத்தத்தை அது குறைக்க, கிணற்று நீரின் மேற்பரப்பை அழுத்திக்கொண்டிருக்கும் வெளிக்காற்றே நீரை மேலே தள்ளுகிறது. கடல்மட்டத்தில் அக்காற்று தாங்கவல்ல நீர்த்தூணின் உயரம் ஏறத்தாழ 10.3 மீட்டர், அதாவது 34 அடி. அதற்குமேல் எத்தனை குதிரைத்திறனுள்ள மோட்டாரை வைத்தாலும் உறிஞ்சி எடுப்பது அசாத்தியம். ஆயிரம் அடி ஆழ்குழாய்க் கிணற்றில் நீர்மூழ்கி மோட்டாரை அடியில் இறக்கி நீரைத் தள்ளச் செய்வதும், கம்ப்ரசர் வைத்துக் காற்றைக் கீழே செலுத்தி நீரை எழுப்புவதும் இந்த ஒரே காரணத்தால்தான்.

இந்த உண்மை எவ்வாறு கண்டறியப்பட்டது என்பதை நம் மாணவர்கள் அறிய வேண்டும். இயற்கை வெற்றிடத்தை வெறுக்கிறது, ஆதலால் நீர் ஏறுகிறது என்று ஐரோப்பியப் பண்டிதர்கள் பல நூற்றாண்டுகளாக ஓதிவந்தார்கள்; அதை ஒப்புவித்தவன் கற்றவன் எனப்பட்டான். பம்பு குறிப்பிட்ட உயரத்துக்குமேல் நீரை ஏற்றுவதில்லை என்ற செய்தியைக் கலிலியோ 1638-இல் தம் நூலில் எழுதினார். நீரைக் காட்டிலும் பதின்மூன்றரை மடங்குக்குச் சற்று அதிகமான அடர்த்தியுள்ள பாதரசத்தை எடுத்துக்கொண்டு, அது குழாயில் ஏறத்தாழ 76 சென்டிமீட்டர் உயரமே நிற்கும் என்று அவருடைய சீடர் டாரிசெல்லி காட்டினார். தாங்கி நிறுத்துவது காற்றின் பாரமேயானால் மலையுச்சியில் பாதரசம் இறங்கியாக வேண்டும் என்று பிரான்ஸ் தேசத்துப் பாஸ்கல் வாதித்தார். அவர் வேண்டுகோளின்படி, அவருடைய மைத்துனர் பெரியே 1648 செப்டம்பர் 19-ஆம் தேதி, 1,465 மீட்டர் உயரமுள்ள புய் தெ தோம் மலைமீது அக்குழாயை எடுத்துச் சென்றார். பாதரசம் எட்டு சென்டிமீட்டருக்குமேல் இறங்கியது. அவர் மலையேறிய வேளையில் அடிவாரத்து மடத்தில் மற்றொரு குழாயை நிறுத்தி, அதன் மட்டம் மாறுகிறதா என்று நாள் முழுவதும் ஒரு துறவியைக் கவனிக்கச் செய்திருந்தார்கள். அது மாறவில்லை. ‘வெற்றிடத்தை வெறுக்கும் இயற்கை’ மலையுச்சியில் மட்டும் அதைக் குறைவாக வெறுக்கக் காரணம் ஏதுமில்லாமையால், அந்தப் பழைய வாசகம் நிலைகுலைந்தது.

நம் சேர்வராயன் மலையின்மேல் அமைந்த ஏற்காடு அந்தப் பிரெஞ்சு மலையைவிடச் சற்று அதிக உயரத்தில்தான் இருக்கிறது. சேலம் நகரிலிருந்து ஒரு பாதரசப் பாரமானியை அங்கே எடுத்துச் சென்றால் அதன் பாதரசம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் இறங்கும். அங்கே பாத்திரத்தில் கொதிக்கும் நீரில் வெப்பமானியை வைத்தால் 100 டிகிரிக்குப் பதில் 95 டிகிரி அளவிலேயே நிற்கும். வெறும் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை அங்கே இறுக மூடிக்கொண்டு சேலத்துக்கு இறங்கினால், அதன் பக்கங்கள் உள்வாங்கி ஒடுங்கியிருக்கும். கிணற்று மோட்டாரும் மலைமேல் கொதிக்கும் சோறும் ஒடுங்கிய பாட்டிலும் ஒரே உண்மையின் வெவ்வேறு தோற்றங்கள் என்று ஒரு பிள்ளையின் புத்தியில் படும் கணமே பௌதிகக் கல்வி தொடங்கும் கணம். வளிமண்டல அழுத்தத்துக்கு வரையறை எழுதி முழு மதிப்பெண் பெற்ற பிள்ளைக்கு இந்த உறவு தோன்றவில்லையானால், அது ஊரின் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டி வாசித்ததேயன்றி ஊருக்குள் நுழையவில்லை.

விதிகள் என்றும் மாறாத ஆக்ஞைகள், அவற்றை ஏற்றுக்கொள்வதே மாணவன் கடமை என்பது இந்த அபிப்பிராயத்தின் மற்றொரு முகம். ஒவ்வொரு விதியும் தனக்குரிய எல்லைக்குள்ளேயே ஆட்சி செய்கிறது என்பதை மறைத்துப் போதிப்பது பொய்யைப் போதிப்பதற்கு ஒப்பாகும். ஹூக்கின் விதி லாரியின் ஸ்பிரிங் பட்டைக்கு ஒரு பாரம் வரையில் பொருந்தும். பாரம் மீறினால் பட்டை பழைய நிலைக்குத் திரும்பாது என்பதை நாமக்கல் பட்டறைத் தொழிலாளி நன்கறிவார். ஓமின் விதி வெப்பநிலை மாறாத கம்பிக்கு உரியது; எரியும் குண்டுபல்பின் இழை சூடேற ஏற அதன் மின்தடை பன்மடங்கு உயர்வதால், மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் அதில் மின்னோட்டம் கூடுவதில்லை. நியூட்டனின் ஈர்ப்பு விதி 1846-இல் நெப்டியூன் கிரகம் இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும் அளவு மகத்துவம் வாய்ந்தது. அதே விதி புதன் கிரகத்தின் பாதையில் நூற்றாண்டுக்கு 43 விகலை அளவான ஒரு சிறு பிசகுக்கு விளக்கம் தர இயலாமல் நின்றது. அந்தப் பிசகை அலட்சியம் செய்யாதிருந்தமையாலன்றோ 1915-இல் ஐன்ஸ்டைனின் கொள்கைக்கு ஒரு பிரமாணம் கிடைத்தது!

நம் ஆய்வுக்கூடங்களிலோ பிசகு கண்டால் அழித்துவிடப் பழக்குகிறோம். தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.4 என்று வந்தால், மாணவன் நேரத்தைத் திருத்தி எழுதி 9.8 ஆக்கிக் கையொப்பம் வாங்கும் வழக்கம் எத்தனையோ இடங்களில் உண்டு. ஊசல் குண்டின் மையம் வரை அளவாமல் நூலின் நீளத்தை மட்டும் அளந்தால் விடை குறையும் என்பதை அந்த 9.4 அவனுக்குச் சொல்ல வந்தது, சொல்லவிடாமல் வாயடைத்தோம். பதினாறு வயதில், சாஸ்திரத்தின் பெயரால், பிரத்தியட்சத்தைப் பொய்யாக்கும் பழக்கத்தைக் கற்பித்துவிட்டுப் பின்னர் தேசத்தில் நேர்மை குறைந்ததென்று வருந்துவதில் பயனில்லை.

இதன் விளைவு பரீட்சை மண்டபத்தோடு முடிவதுமில்லை. கொல்லிமலையின் 70 கொண்டையூசி வளைவுகளில் பாரத்தோடு இறங்கும் லாரி ஓட்டுநர் பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்து இறங்குகிறார். 10 டன் எடையுள்ள வண்டி 1,000 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 300 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கச் செய்யப் போதுமானது; அவ்வளவும் எங்கேனும் வெப்பமாகியே தீர வேண்டும். ஆற்றல் அழியாது, புதிதாகத் தோன்றவும் செய்யாது என்ற விதியை அந்த ஓட்டுநர் தம் உயிரைக் கொண்டு அறிந்திருக்கிறார். ஆனால் அதே விதியைப் பள்ளியில் எழுதி மதிப்பெண் வாங்கிய தேசம், 1996-இல் மூலிகையிட்டுத் தண்ணீரைக் காய்ச்சினால் பெட்ரோல் கிடைக்கும் என்று கேட்டபோது ஆரவாரம் செய்து வரவேற்றது. தண்ணீர் என்பது ஹைட்ரஜன் எரிந்து முடிந்தபின் எஞ்சும் பொருளாயிற்றே, எரிந்த சாம்பலை மறுபடி எரிபொருளாக்க வேண்டிய ஆற்றல் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்கள் மிகச் சிலர்.

இன்றும் இந்தப் பகுதியில், திருச்செங்கோட்டு ரிக் வண்டி லட்சக்கணக்கான ரூபாய்ச் செலவில் போர் போட வந்து நிற்கும் இடம், நீரோட்டம் பார்ப்பவரின் உள்ளங்கையில் தேங்காய் எழுந்து நின்ற இடமாகவே பெரும்பாலும் இருக்கிறது. வீட்டிலோ பௌதிகத்தில் முழு மதிப்பெண் பெற்ற பிள்ளை நின்று வேடிக்கை பார்க்கிறது. அவர் கண்ணைக் கட்டி, அதே காட்டில் மறுபடி நடத்திச் சென்றால் தேங்காய் அதே இடத்தில் எழுகிறதா? தண்ணீர் வந்த போர்களைச் சொல்கிறோமே, வராத போர்களையும், எதுவும் பாராமல் போட்டுத் தண்ணீர் வந்த போர்களையும் எண்ணினோமா? மலையடிவாரத்தில் இரண்டாவது குழாயை நிறுத்திய பெரியே கேட்டதும் இத்தகைய கேள்வியே. அதைக் கேட்கும் துணிவை அளிக்காத கல்வி, கடன் வாங்கிப் போர் போடும் குடியானவனுக்கு யாதொரு சகாயமும் செய்யவில்லை.

மனப்பாடமே வேண்டாம் என்று நான் சொல்வதாக எவரும் கருதலாகாது. வாய்ப்பாடு தெரியாமல் கணக்கில்லை. மாறிலிகளும் வரையறைகளும் நினைவில் நிற்கவே வேண்டும். முதலில் மார்க், பிறகு அறிவு என்பாரும் உளர். ஆனால் அறிவுக்கு ஒதுக்கிய அந்தப் பிற்காலம் வருவதேயில்லை என்பதைக் கல்லூரிகளில் முதலாண்டு கற்பிக்கும் ஆசிரியர்களைக் கேட்டால் தெரியும். கருவிகளுக்குப் பணமில்லை என்பாருக்கு, நூலும் கல்லும் பாட்டிலும் வெப்பமானியும் எந்தக் கிராமத்திலும் கிடைக்கும் என்பதே பதில். விடுதிக்கும் விளம்பரத்துக்கும் கிடைத்த பணம் இவற்றுக்குக் கிடைக்காமற் போவது வறுமையால் அன்று.

இந்த மண்ணுக்கு வேறொரு பரம்பரையும் உண்டு. 1916-இல், சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி, நண்பரோடு சேர்ந்து, சாஸ்திர விஷயங்களைத் தமிழில் பேசவும் எழுதவும் வழிகாண்பதற்கென்றே ஒரு சங்கத்தை இவ்வூரில் நிறுவினார். பின்னாளில் ‘திண்ணை ரசாயனம்’ என்ற நூலையும் எழுதினார். சாஸ்திரம் சாமானியரின் புத்திக்குள் சென்று வேலை செய்ய வேண்டும் என்ற நம்பிக்கை அந்த முயற்சிக்கு ஆதாரம். அந்த நம்பிக்கைக்கு நாம் வாரிசுகளாக வேண்டுமானால் செய்ய வேண்டியவை அரிதானவையல்ல. பதினோராம் வகுப்புப் பௌதிகம் ஓராண்டு முழுவதும் நடத்தப்பட வேண்டும். ஆய்வுக்கூடத்தில் மாணவன் கண்ட அளவு, தவறாயினும், அவன் கண்டபடியே பதிவாகி, அதன் காரணத்தை ஆராய்ந்ததற்கு மதிப்பெண் தரப்பட வேண்டும். ஒரு விதியை எழுதச் சொல்லும் வினாவின் பக்கத்தில், அது எந்த எல்லையில் பொய்க்கும், அதை எவ்வாறு சோதிப்பாய் என்ற வினாவும் இடம்பெற வேண்டும்.

இவை யாவும் நிறைவேறும்வரை பெற்றோர் கையில் ஓர் அதிகாரம் இருக்கிறது. பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது, சென்ற ஆண்டு எத்தனை பேர் முழு மதிப்பெண் பெற்றார்கள் என்று கேட்பதற்கு முன், பதினோராம் வகுப்புப் பௌதிகம் எந்த மாதத்தில் தொடங்கி எந்த மாதத்தில் முடிகிறது, வாரத்தில் எத்தனை நாள் ஆய்வுக்கூடம் திறக்கப்படுகிறது என்று அவர்கள் கேட்கட்டும். இந்த இரண்டு கேள்விகளுக்கு நேரான விடை கூறாத பள்ளி எவ்வளவு பெரிய கட்டடத்தில் நடந்தாலும், அது தங்கள் பிள்ளைக்குப் பௌதிகம் கற்பிக்கப் போவதில்லை என்று தெளிந்து, கட்டணத்தோடு வெளியேறட்டும்.