வடை சுட்ட பாட்டியும் திறனாய்வு நெறிகளும்

குழந்தைக் கதையைத் திறனாய்வு நெறிகளால் ஆராய்தல் குருவி தலையில் பனங்காயை வைப்பதை ஒக்கும் என்று நம் மாணவ நண்பர் சிலர் நகையாடுகின்றனர். நம் முன்னோர் அவ்வாறு எண்ணினாரல்லர். தொல்காப்பியர் செய்யுளியலில் உரைநடையின் வகைகளைக் கூறுமிடத்துப் புனைந்துரைத்த பொய்க்கதைக்கும் இடமளித்தார். பேராசிரியர் அதற்கு யானையும் குருவியும் நட்புப் பூண்ட கதையையே சான்று காட்டினார். ஆகவே குழந்தைக் கதை ஆராய்ச்சிக்குரியதோ என்பது வினாவன்று. எங்ஙனம் ஆராய்வது என்பதே வினா.

காக்கை நரிக் கதையை எடுத்துக்கொள்வோம். சென்ற கோடை விடுமுறையில், ஒரகடத்திலுள்ள எம் இல்லத்தில், ஆறு வயதுத் தங்கைக்கு அதனைச் சொன்னேன். பாட்டி வடை சுட்டாள், காக்கை கவர்ந்தது, நரி புகழ்ந்தது, வடை வீழ்ந்தது. முகத்துதிக்கு மயங்கலாகாது என்று நீதியும் கூறி முடித்தேன். அவளோ, "அப்புறம் பாட்டி என்ன பண்ணாங்க, அண்ணா?" என்றாள். யான் விடையின்றி விழித்தேன்.

அறநெறித் திறனாய்வு இவ்வினாவைக் கேட்பதில்லை. அஃது ஏமாந்த காக்கைக்கே பாடம் புகட்டுகின்றது. வடையைக் காலில் இடுக்கிக்கொண்டு கரைந்த காக்கையைப் பற்றிய புதுக்கதையிலும் காக்கை அறிவு பெற்றது. பாட்டி பெற்றது ஒன்றுமில்லை.

இனி, அமைப்பியலாரைக் கேட்போம். உருசிய அறிஞர் விளாதிமிர் பிராப் 1928ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், 100 மாயக்கதைகளை ஆராய்ந்து, அவற்றின் நிகழ்ச்சிகளை 31 செயற்கூறுகளுள் அடக்கினார். அவ்வளவுகோல் நம் சிறுகதைக்கு முற்றும் பொருந்தாது. எனினும் நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தி நோக்கும் பழக்கம் ஓர் உண்மையைக் காட்டுகின்றது. இக்கதையில் களவு இருமுறை நிகழ்கின்றது; முதலது சிறகால், மற்றது நாவால். நாவால் நிகழ்ந்த களவுக்கே நீதி சொல்கின்றோம்; சிறகால் நிகழ்ந்ததை மறந்துவிடுகின்றோம்.

ஒப்பியல் நெறி இன்னும் ஒருபடி செல்கின்றது. கி.பி. முதல் நூற்றாண்டில் இலத்தீனில் பீட்ரஸ் பாடிய கதையில் காக்கை சாளரத்திலிருந்து பாற்கட்டியைக் கவர்கின்றது. பிரெஞ்சுக் கவி லா பொந்தேன் 1668இல் வெளியிட்ட கதையில் அது பாற்கட்டியுடன் மரத்தில் வீற்றிருக்கின்றது. ஈரிடத்தும் பொருளுக்கு உடையவர் முகம் காட்டுவதில்லை. தமிழ்க் கதையிலோ பாட்டி தொடக்கத்திலேயே அடுப்பின்முன் அமர்ந்திருக்கின்றாள். ஆதலின், உழைப்பு யாருடையது, பயன் யாருக்கு என்னும் மார்க்சியரின் வினாவும், உழைத்த பெண் ஏன் கதையினின்று மறைந்தாள் என்னும் பெண்ணியரின் வினாவும் வெளியிலிருந்து திணிக்கப்பட்டன அல்ல. நம் கதையின் முதற் சொற்றொடரிலேயே உள்ளன.

மோட்டார் வண்டித் தொழிற்சாலைகள் நிறைந்த எம்மூரில், ஷிப்டு மாறும் வேளையில் சாலையோரத்தே வடை சுட்டு விற்கும் மூதாட்டியை யான் பலகாலும் கண்டதுண்டு. ஒரு வடை என்பது பருப்பும் எண்ணெயும் மட்டுமன்று; விடியுமுன் எழுந்த உழைப்புமாகும். அதனை இழப்பவளுக்குக் கதையில் ஒரு சொல்லும் இல்லையே!

எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். காக்கை முதலாளி, நரி தரகன் என்று பெயர் சூட்டி அமைவது எளிது. அது பழைய நீதியைக் கிழித்துவிட்டுப் புதிய நீதியை ஒட்டுவதேயாம். காக்கைக்கும் பசியுண்டு என்பதை அது மறந்துவிடும். எந்நெறியாயினும் கதையை மீண்டும் ஒருமுறை கேட்கத் தூண்டின் அது நன்று. கேட்க வேண்டா என்று தீர்ப்புக் கூறின் அது தீது. இதுவே அடியேன் துணிபு.

மறுமுறை கதை சொல்லியபோது நீதியை விடுத்து, தங்கையையே வினவினேன். "பாட்டி இன்னொரு வடை தட்டுனாங்க, பக்கத்துல ஒரு குச்சியும் வச்சுக்கிட்டாங்க" என்றாள். அவள் எந்நெறியினள் என்பதை ஆசிரியப் பெருமக்களே கூறுவாராக.