‘அப்டேட் மட்டும் போட்றாதீங்க சார்!’

செல்போன் கடையில் டெம்பர் கிளாஸ் ஒட்டக் கொடுத்தால்கூட, போனோடு சேர்த்து ஓர் அறிவுரையும் திரும்பி வருகிறது. “பழைய மாடல் சார். நல்லா ஓடிட்டிருக்கு. அப்டேட் மட்டும் போட்றாதீங்க.” கடைக்குக் கடை ஆள் மாறுகிறார், வாசகம் மாறுவதில்லை. புதிய ஐபோன் வெளியாகும் செப்டம்பர் மாதங்களில் இதுவே குரல் பதிவாகிக் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. சித்தப்பா அனுப்புகிறார், அத்தை கைகூப்பும் பொம்மை போடுகிறார், அமெரிக்காவில் இருக்கும் பையன் மட்டும் வாயைத் திறப்பதில்லை. அவன் போன் ஏற்கெனவே அப்டேட் ஆகியிருக்கும்.

பல வருடமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு இதைக் கேட்டு வருகிறேன். சமீபத்தில் ஸ்பீக்கர் மாற்றக் கொடுத்த போனில், தானாக அப்டேட் ஆகும் வசதியையும் என்னைக் கேட்காமலே அணைத்துத் தந்தார் ஒரு கடைக்காரர். “உங்க நல்லதுக்குத்தான் சார்” என்றார். ஸ்பீக்கருக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார், உபதேசம் இலவசம். இனிமேலும் சும்மா இருப்பதற்கில்லை.

உபதேசத்தின் சாரம் இவ்வளவுதான். அப்டேட் என்பது பழைய போனைச் சாகடிக்கக் கம்பெனிக்காரன் அனுப்பும் விஷம். போட்டால் போன் மெதுவாகும், சார்ஜ் நிற்காது, திரையில் கோடு விழும், கடைசியில் நீங்கள் புதுப் போன் வாங்குவீர்கள். போடாமல் விட்டாலோ, வாங்கிய அன்று இருந்தபடியே போன் சிரஞ்சீவியாக இருக்கும்.

சிரஞ்சீவிக் கதையை முதலில் பார்த்துவிடலாம். ஐபோன் 5 என்று ஒரு போன் 2012-இல் வந்தது. 2019-இல் ஆப்பிள் ஓர் எச்சரிக்கை விட்டது. நவம்பர் 3-ஆம் தேதிக்குள் ஐஓஎஸ் 10.3.4 போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஜிபிஎஸ் காலக்கணக்கில் வரும் கோளாறால் போன் இருக்கும் இடத்தைச் சரியாகக் காட்டாது, தேதியும் நேரமும் பிசகும், அதனால் ஆப் ஸ்டோர், ஐகிளவுட், மின்னஞ்சல், இணைய உலாவி எல்லாம் முடங்கும் என்றது. “நல்லாத்தானே ஓடுது” என்று சும்மா வைத்திருந்த போன்கள்தான் அந்தத் தேதியில் சிக்கின. வாட்ஸ்அப்பும் அப்படித்தான். 2023 அக்டோபர் 24-க்குப் பிறகு ஆண்ட்ராய்டு 5.0-க்குக் கீழே அது ஓடாது. 2025 மே மாதத்திலிருந்து ஐபோனில் ஐஓஎஸ் 15.1 வேண்டும். ஐபோன் 6எஸ் வைத்திருந்தவர் வந்த அப்டேட்டைப் போட்டிருந்தால் தப்பித்தார். 14-இலேயே நின்றவர் தப்பவில்லை. அப்டேட் போடாதே என்று சொல்லும் குரல் பதிவைக் கேட்பதற்கே அப்டேட் வேண்டியிருக்கிறது. இதை எந்தச் சித்தப்பாவும் கவனித்ததாகத் தெரியவில்லை.

“போட்ட அன்னிக்கே ஸ்லோ ஆயிடுச்சு” என்பது அடுத்த புகார். அன்றைக்கு ஸ்லோவாகத்தான் இருக்கும். அப்டேட் முடிந்ததும் போன் எல்லாச் செயலிகளையும் புதிய பதிப்புக்கேற்ப மறுபடி தயார் செய்கிறது. ஆயிரக்கணக்கான படங்களுக்குப் பட்டியல் போடுகிறது. ஓரிரு நாள் சூடாகும், சார்ஜ் இறங்கும். நம் ஆட்கள் அன்று சாயங்காலமே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அதுவும் 64 ஜிபியில் 63 ஜிபி காலை வணக்கப் படங்களை அடைத்து வைத்துக்கொண்டு.

பச்சைக் கோடு. ஒன்பிளஸ், சாம்சங் வைத்திருப்பவர்கள் வயிறெரிந்து சொல்வது இது. அப்டேட் போட்டார்கள், மறுநாள் திரையில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு. வருத்தமான விஷயம்தான். ஆனால் கோடு விழுந்த போனில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொரு போனுக்கு அனுப்பிப் பாருங்கள். படத்தில் கோடு இருக்காது. மென்பொருள் வரைந்த படம் சுத்தமாக இருக்கிறது, காட்டும் பலகைதான் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். அதனால்தான் ஒன்பிளஸ் இந்தியாவில் பாதிக்கப்பட்ட மாடல்களுக்குத் திரையையே இலவசமாக மாற்றிக் கொடுத்தது. அப்டேட் போடாத போன்களிலும் கோடு விழத்தான் செய்கிறது. அதற்கு மட்டும் யாரும் குரல் பதிவு போடுவதில்லை.

இனி பிரம்மாஸ்திரத்துக்கு வருவோம். எந்த வாதத்தின் முடிவிலும் நாற்காலியில் சாய்ந்து, புருவத்தைத் தூக்கி எறியப்படுவது: “ஆப்பிளே ஒத்துக்கிட்டானே சார்! பழைய போனை வேணும்னே ஸ்லோ பண்ணினோம்னு!”

இந்த ஒரு வரியைத்தான் இவர்கள் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். என்ன நடந்தது என்று ஒருவரும் முழுதாகப் படித்ததில்லை. படித்திருந்தால் இதைத் தங்கள் பக்கச் சாட்சியாக அழைத்து வந்திருக்கவே மாட்டார்கள்.

2016-இன் கடைசியில் ஐபோன் 6, 6எஸ் போன்கள் திடீர் திடீரென அணைந்தன. முப்பது, நாற்பது சதவீதம் சார்ஜ் காட்டிக்கொண்டிருக்கும்போதே அணைந்தன. காரணம் பழசான பேட்டரி. லித்தியம் பேட்டரிக்கு வயதாக ஆக அதன் உள்தடை கூடுகிறது. கேமராவைத் திறக்கும்போதோ கேம் ஆடும்போதோ சிப் ஒரே நொடியில் நிறைய மின்சாரம் கேட்கும். அந்த நொடியில் வோல்டேஜ் விழும். தெருவில் யாரோ மோட்டார் போட்டதும் நம் வீட்டு டியூப்லைட் மங்குவதுபோல. மங்கினால் பரவாயில்லை, போனில் அது ஒரேயடியாக அணைந்துவிடும். ஆகவே 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1-இல், பேட்டரி தளர்ந்திருந்தால் சிப் கேட்கும் உச்சபட்ச மின்சாரத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தினார்கள். அடுத்த மாதமே ஆப்பிள் கணக்கு சொன்னது: திடீர் அணைப்பு 6எஸ்-இல் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது, 6-இல் 70 சதவீதத்துக்கு மேல். எப்படிக் குறைத்தோம் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது அயோக்கியத்தனம், சந்தேகமே இல்லை.

குட்டு எப்படி உடைந்தது என்பதில்தான் சுவாரஸ்யம். 2017 டிசம்பரில் 6எஸ் வைத்திருந்த ஒருவர் இணையத்தில் எழுதினார்: போன் மந்தமாக இருந்தது, பேட்டரியை மாற்றினேன், பழைய வேகம் திரும்பிவிட்டது. போன்களின் வேகத்தை அளக்கும் கீக்பெஞ்ச் மென்பொருளை உருவாக்கிய ஜான் பூல் தன்னிடம் குவிந்திருந்த அளவீடுகளை வரைபடமாகப் போட்டார். வேகம் குறைந்தது தெளிவாகத் தெரிந்தது. டிசம்பர் 20-இல் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. 28-இல் மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. 2020 பிப்ரவரியில் பிரான்ஸ் 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது. வேகம் குறையலாம் என்பதை வாடிக்கையாளருக்குச் சொல்லாததுதான் குற்றம் என்றது.

அந்த 6எஸ்காரர் செய்ததை மறுபடி பாருங்கள். அப்டேட்டை அவர் நீக்கவில்லை. பழைய ஐஓஎஸ்ஸுக்குத் திரும்பவில்லை. அதே போன், அதே அப்டேட். மாறியது பேட்டரி ஒன்றுதான், வேகம் வந்துவிட்டது. அப்டேட்தான் போனைக் கொன்றது என்றால் பேட்டரியை மாற்றியதும் எப்படி எழுந்து உட்கார்ந்தது? நாற்காலியில் சாய்ந்து சொல்பவர் யாராவது இதற்குப் பதில் சொல்லட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. 2019 ஜனவரி 2-ஆம் தேதி ஆப்பிள் தலைவர் டிம் குக் முதலீட்டாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். எதிர்பார்த்த வருமானம் வரவில்லை என்று கைபிசையும் கடிதம். சீனாவில் விற்பனை சரிந்தது உள்ளிட்ட காரணங்களோடு, குறைந்த விலையில் பேட்டரி மாற்றிக்கொண்ட வாடிக்கையாளர்களையும் ஒரு காரணமாகக் குறிப்பிட்டிருந்தார். ஐஓஎஸ் 12 போட்ட போனையே புது பேட்டரியோடு வைத்துக்கொண்டு, புதுப் போன் வாங்காமல் இருந்துவிட்டார்கள் மக்கள். கம்பெனிக்கு வலித்தது அங்கேதான். அப்டேட்டை அணைத்துவைக்கும் கடைக்காரர், தன் மேஜை இழுப்பறையிலேயே பேட்டரி வைத்திருக்கிறார். நாலு வருடப் போனோடு வருபவரிடம் “பேட்டரி மாத்திப் பாக்கலாமா சார்?” என்று அவர் கேட்பதில்லை. ஆண்ட்ராய்டு போனிலும் இருப்பது அதே லித்தியம்தான்.

சொன்ன ஐஓஎஸ் 12-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 2018 செப்டம்பரில் வந்தது, 2013-இன் ஐபோன் 5எஸ்-உம் அதை ஏற்றது. ஐபோன் 6 பிளஸில் செயலிகள் 40 சதவீதம் வரை, விசைப்பலகை 50 சதவீதம் வரை, கேமரா 70 சதவீதம் வரை சீக்கிரம் திறக்கும் என்று ஆப்பிள் அறிவித்தது. கம்பெனிக்காரன் கணக்குதானே என்பீர்கள். பழைய போன்களில் போட்டு நேரம் குறித்துப் பார்த்த இதழாளர்களும் வேகம் கூடியதாகவே எழுதினார்கள். 5எஸ்ஸுக்கு 2023 ஜனவரியிலும் ஒரு பாதுகாப்பு அப்டேட் வந்தது. சாகடிக்க நினைப்பவன் பத்தாம் வருடத்தில் அதன் பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படுவானேன்?

எதிர்தரப்புக்கு உருப்படியான ஒரு சாட்சியும் இருக்கிறது. 2018-இல் இத்தாலியில், நோட் 7-க்காகச் செய்த ஆண்ட்ராய்டை நோட் 4 போன்களில் போடச் சொல்லி வற்புறுத்தியதற்காக சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோ அபராதம் விழுந்தது. ஒப்புக்கொள்கிறேன். வேடிக்கை என்னவென்றால், எந்தக் குரல் பதிவிலும் இது வருவதே இல்லை. போட்ட அப்டேட்டைத் திரும்ப எடுக்க முடியாது என்பதும் பெரும்பாலும் உண்மைதான்.

“எங்கிட்ட திருட என்ன இருக்கு?” ஜிபே இருக்கிறது. கேலரியில் ஆதார், பான் அட்டைப் படங்கள் இருக்கின்றன. ஓடிபி வந்து விழும் குறுஞ்செய்திப் பெட்டி இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

2015-இல் ஸ்டேஜ்ஃப்ரைட் என்ற ஓட்டை தெரியவந்தது. ஒரு எம்எம்எஸ் அனுப்பினால் போதும், திறக்கக்கூட வேண்டாம், ஆண்ட்ராய்டு போனுக்குள் நுழையலாம். அதற்குப் பிறகுதான் கூகுள் மாதாமாதம் பாதுகாப்புத் திருத்தம் வெளியிடத் தொடங்கியது. 2021-இல் பெகாசஸ் உளவு மென்பொருள் பயன்படுத்திய ஓட்டையை அடைக்க, 2013-இன் ஐபோன் 5எஸ்ஸுக்கும் ஆப்பிள் ஐஓஎஸ் 12.5.5 அனுப்பியது. இதெல்லாம் பெரிய இடத்து விவகாரம் என்றால் உள்ளூருக்கு வாருங்கள். கல்யாண அழைப்பிதழ் என்ற பெயரில் ஏபிகே கோப்பு வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதைத் தொட்டுப் பணத்தைப் பறிகொடுத்தவர்களைப் பற்றி போலீஸே எச்சரிக்கிறதே. அந்த வகைச் செயலிகள் பல, ‘அணுகல்தன்மை’ அனுமதியைக் கேட்டு வாங்கித் திரையைப் படிக்கின்றன. ஆண்ட்ராய்டு 13-இலிருந்து, வெளியிலிருந்து வந்த ஏபிகேக்கு அந்த அனுமதியைப் போன் லேசில் தருவதில்லை. 12-லிருந்து 13-க்குப் போகச் சொல்லி வந்த அறிவிப்பைத் தள்ளிவிட்டவருக்கு அந்தத் தடுப்பும் கிடைக்காது. மாதத் திருத்தம் வேறு, பதிப்பு மாற்றம் வேறு என்ற வித்தியாசமும் கடைக்காரர் வாசகத்தில் கிடையாது; எது வந்தாலும் போடாதே.

கோபப்பட வேண்டிய இடத்தை விட்டு வேறெங்கோ கோபப்படுகிறோம். அப்டேட் வருவது அல்ல பிரச்சினை, நின்றுபோவதுதான். பிக்சல் 8-க்கும் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு வருடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நம்மில் பெரும்பாலோர் வாங்கும் பன்னிரண்டாயிரம் ரூபாய்ப் போனுக்கு அதில் பாதி வந்தாலே அதிசயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து வருடம் அப்டேட் தர வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. இங்கே போன் பெட்டியில் எத்தனை மெகாபிக்சல் என்று கட்டை விரல் பருமனில் அச்சிட்டிருக்கிறார்கள். எத்தனை வருடம் அப்டேட் வரும் என்று கடையில் கேட்டுப் பாருங்கள். “அதெல்லாம் எதுக்கு சார், எப்படியும் போடப்போறதில்லையே” என்பார்.