பலிக்காத வாக்கும் பல்கலைக்கழகப் பட்டமும்

ஜோசியம் பலிக்கவில்லையே என்று கேட்கப் போகிறவருக்கு, பிறந்த நேரத்தைக் குறித்ததில் சில நாழிகை பிசகியிருக்கும் என்றோ, பரிகாரத்தை முறைப்படி செய்யவில்லை என்றோ, குருவின் பார்வை பலனை மாற்றிவிட்டது என்றோ ஒரு சமாதானம் எப்போதும் கிடைத்துவிடுகிறது. எது நடந்தாலும் தன் வாக்கு மெய்யே என்று சாதிக்கும் சாஸ்திரம், நடக்கப் போவதைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். எது நேர்ந்தால் தன் சித்தாந்தம் பொய்யாகும் என்பதை முன்கூட்டியே அறிவிக்கத் துணிவதே விஞ்ஞானத்தின் லட்சணம் என்று, வியன்னாவில் பிறந்த தத்துவஞானி கார்ல் பாப்பர் 1934இல் எழுதினார். சூரியனை ஒட்டி வரும் நட்சத்திர ஒளி 1.75 விகலை வளையும் என்று ஐன்ஸ்டைன் கணித்துச் சொன்னது அத்தகைய துணிவு. 1919 மே 29 அன்று சூரிய கிரகணத்தில் எடுத்த படங்கள் வேறு விதமாக இருந்திருந்தால் அவர் கொள்கை அன்றே வீழ்ந்திருக்கும்.

நம் நாட்டு ஜோதிடமும் ஒருமுறை பரீட்சைக்கு நின்றதுண்டு. படிப்பில் சிறந்த 100 பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய 100 பிள்ளைகள் ஆகியோரின் ஜாதகங்களை ஒன்றாகக் கலந்து, ஆளுக்கு 40 வீதம் ஜோதிடர்களுக்கு அனுப்பி, எது எவ்வகைப் பிள்ளையுடையது என்று பிரித்துத் தரும்படி வானியல் அறிஞர் ஜயந்த் நார்லிகரும் அவர் நண்பர்களும் 2008இல் மகாராஷ்டிரத்தில் கேட்டுக்கொண்டனர். விடை அனுப்பியவர் 27 பேர். 40இல் 28 சரியாக இருந்தால் தேர்ச்சி என்றிருக்க, ஒருவர் பெற்ற அதிகபட்சம் 24. சராசரியோ நூற்றுக்கு 46. பூவா தலையா போட்டுப் பார்த்தாலே நூற்றுக்கு 50 தேறும். ஆயினும், துணிந்து விடை எழுதிய அந்த 27 பேரை நாம் மதிக்கிறோம். தம் சாஸ்திரத்தைச் சோதனைக்கு ஒப்புவித்த நேர்மை, அதற்குப் பட்டம் வழங்க முற்பட்டவர்களிடம் காணப்படவில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு 2001இல் ஜோதிடத்தை 'ஜோதிர் விஞ்ஞானம்' என்ற பெயரில் பாடமாக்க முனைந்தது. உச்ச நீதிமன்றமும் 2004இல் அதில் தலையிட மறுத்துவிட்டது. சட்டம் தடுக்கவில்லை என்பதனாலேயே ஒன்று விஞ்ஞானம் ஆகிவிடாது. பழைய இலக்கியமாகவும், வான கணிதத்தின் வரலாறாகவும் ஜோதிட நூல்களைப் போதிப்பதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. விஞ்ஞானம் என்று சொல்லிப் போதிக்க விரும்பும் துணைவேந்தர்கள், நார்லிகர் வைத்தது போன்ற பரீட்சையைத் தாமே பகிரங்கமாக நடத்தி முடிவை வெளியிடட்டும். அதுவரை அந்தப் பெயரைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கிவிட வேண்டும்.