டூல் பாக்ஸ்: தூக்கினது நான்... விழுந்தது அம்மா!

உங்க பைக்கோட பின் சக்கரத்தை ஒரு நிமிஷம் எட்டிப் பாருங்க. சாரி கார்டு இருக்கா? 'அதை வாங்கின அன்னிக்கே கழட்டியாச்சு பாஸ்'னு காலரைத் தூக்கறீங்களா? அப்ப இந்த வாரம் டூல் பாக்ஸ் உங்களுக்குத்தான்!

நமக்கு வீடு கடலூர், காலேஜ் சிதம்பரம். தினமும் நாற்பது கிலோமீட்டருக்கு மேல பைக் பயணம். ஐப்பசி, கார்த்திகை வந்துட்டா ரோடு எது, குளம் எதுன்னு தெரியாது. ஸ்பீடு பிரேக்கர்ல இன்ஜின் அடிவயிறு 'டங்'குனு இடிக்கும்போதெல்லாம் எனக்கே வயிறு வலிக்கும். அதனால போன வருஷம் ஒரு பட்டறையில பின் ஷாக் அப்சார்பர் ரெண்டுக்கும் கீழ இரும்புத் துண்டு வெச்சு 40 மில்லிமீட்டர் தூக்கிட்டேன். 'மண்ணு ஒட்டுது, பார்க்க அசிங்கமா இருக்கு'ன்னு சாரி கார்டையும், அதோட சேர்ந்த லேடீஸ் ஃபுட்ரெஸ்டையும் கழட்டி பரண்ல போட்டாச்சு. சில்வர் பீச்சுல நிறுத்தினா நாலு பேர் திரும்பிப் பார்த்தாங்க. கெத்து!

மூணாவது வாரம், அம்மாவைப் பின்னாடி உட்கார வெச்சு சிதம்பரம் கீழ வீதியில போறேன். ஒரு பக்கமா உட்கார்ந்த அம்மாவுக்குக் கால் வைக்க இடமில்லை. சீட் வேற முன்னாடி சரிஞ்சிருக்கு. பிரேக் போட்டதும் அம்மா வழுக்க, சேலைத் தலைப்பு ஆரக்கம்பிக்குள்ள போயிடுச்சு. பத்து கிலோமீட்டர் வேகம்கூட இல்லை. முழங்கை தோல் உரிஞ்சதோட தப்பிச்சாங்க. எழுந்ததும் கேட்டது ஒரே கேள்வி: "ஏன்டா, நான் உட்காருவேன்னு உனக்கு ஞாபகமே வரலையா?"

பதில் சொல்ல முடியலைங்க. அன்னிக்கு ராத்திரிதான், மெக்கானிக்கல் படிக்கிறவன் முதல்லயே பண்ணியிருக்க வேண்டிய கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் பேப்பர் எடுங்க.

ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல சுமார் 1,300 மில்லிமீட்டர். பின்னாடி மட்டும் 40 தூக்கினா, வண்டி கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் டிகிரி முன்னாடி குனியும். இன்ஜின் இருக்கறது நடுவுல. அப்ப அதுக்குக் கிடைக்கிற எக்ஸ்ட்ரா உயரம்? வெறும் 20 மில்லிமீட்டர்! பாதி காசு அப்பவே வேஸ்ட்.

அடுத்தது ஹெட்லைட். தரையிலிருந்து 90 சென்டிமீட்டர்ல இருக்கற லைட், 30 மீட்டர் தள்ளி ரோட்டைத் தொடுதுன்னு வெச்சுக்கங்க. வண்டி குனிஞ்சதும் அது 15 மீட்டர்லயே விழும். அறுபதுல போனா ஒரு செகண்டுக்கே பதினாறு மீட்டருக்கு மேல தாண்டுவோம். நடுரோட்டுல மாடு படுத்திருந்தா, பார்த்துட்டு யோசிக்கக்கூட நேரமில்லை மச்சி!

முன் ஃபோர்க் கொஞ்சம் செங்குத்தாகும். அதனால ஹேண்டில் லேசா திரும்பும், ஆனா வேகத்துல நேரா நிக்கற குணம் குறையும். எடை மையம் மேல போறதால, பிரேக் அடிச்சா பாரம் இன்னும் அதிகமா முன்னாடி பாயும். செயின் தளர்ச்சி மாறும். சைடு ஸ்டாண்டு குட்டையாகி, ஈர மண்ணுல வண்டி சாய்ஞ்சு படுத்துக்கும். வெள்ளத்துக்காவது உதவுமான்னா, ஏர் ஃபில்டர் வரைக்கும் தண்ணி வந்தா 20 மில்லிமீட்டர் என்ன பண்ணும்?

'அப்ப உலகத்துல யாருமே உயரத்தை மாத்தறதில்லையா'ன்னு கேப்பீங்க. மாத்தறாங்க! குல்மார்க்ல டூரிஸ்ட்டுகளை ஏத்திக்கிட்டு ஓடற ஸ்நோமொபைல் பார்த்திருப்பீங்க. அதுலயே மலைப்பனிக்குன்னு தனி வகை உண்டு. ஆழமான பனியில வண்டியோட வயிறு தேய்க்காம இருக்க சஸ்பென்ஷன் உயரத்தைக் கூட்டுவாங்க. கால் வைக்கிற பலகையில பெரிய பெரிய ஓட்டை இருக்கும். பூட்ஸ் கொண்டுவர்ற பனி கீழ கொட்டிடும், கால் வழுக்காது. சரிவுல வண்டியைச் சாய்ச்சு ஓட்டும்போது பனியில இழுக்கக்கூடாதுன்னு பலகையை ஒடுக்கியும் வைப்பாங்க. கவனிங்க: அவங்க உயரத்தைத் தொடும்போது கால் வைக்கிற இடத்தையும் சேர்த்தே யோசிக்கறாங்க. நான் உயரத்தைக் கூட்டி, கால் வைக்கிற இடத்தைப் பிடுங்கிட்டேன்!

சட்டமும் தெரிஞ்சுக்கங்க. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை நம்ம இஷ்டத்துக்கு மாத்தக்கூடாதுங்குது. 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிப்படுத்துச்சு. அதே வருஷம் வந்த திருத்தப்படி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை ஜெயில், அல்லது ரெண்டுமே கிடைக்கலாம். பின்னாடி உட்கார்றவங்களுக்குக் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின் சக்கரத்துல பாதியாவது மறைக்கிற தடுப்பு இதெல்லாம் கட்டாயம்னு மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்லுது. துணி சிக்கக்கூடாதுன்னே எழுதின விதி அது. நான் பரண்ல போட்டது அதைத்தான்.

சரி, இடிக்கிற வண்டிக்கு என்ன வழி? முதல்ல டயர் காத்து சரியான்னு பாருங்க. அப்புறம் ஷாக் அப்சார்பருக்குக் கீழ படிக்கட்டு மாதிரி வெட்டின வளையம் இருக்கும். பின்னாடி ஆள் ஏறினா ஸ்பேனர் போட்டு ஒரு படி கூட்டுங்க. கம்பெனியே கொடுத்த அட்ஜஸ்ட்மென்ட், பைசா செலவில்லை. பழைய ஷாக் அப்சார்பர் ஆயில் கசிஞ்சு தொஞ்சு போயிருந்தா மாத்திடுங்க.

'இல்ல, எனக்கு வெல்டிங் பண்ணியே ஆகணும்'னு கை துறுதுறுங்குதா? எஸ்ஏஇ இந்தியா நடத்துற பாஹா போட்டிக்கு காலேஜ் டீம் சேருங்க. 2007-லிருந்து நடக்குது. மேடு பள்ளத்துல ஓடற நாலு சக்கர வண்டியை மாணவர்களே டிசைன் பண்ணி, கட்டி, ஓட்டணும். உயரம், ஷாக், எடை மையம் எல்லாத்தோடயும் ஆசை தீர விளையாடலாம். ஏன் இந்த உயரம்னு ஜட்ஜ் கேப்பார், பதில் சொல்லணும். என்னை யாராவது முதல்லயே அப்படிக் கேட்டிருந்தா!

இரும்புத் துண்டு ரெண்டையும் கழட்டியாச்சு. சாரி கார்டு பரண்லேர்ந்து இறங்கி மறுபடி மாட்டியாச்சு. போன வெள்ளிக்கிழமை அம்மா வந்து, ஃபுட்ரெஸ்ட்ல காலை வெச்சு ரெண்டு தடவை அழுத்திப் பார்த்துட்டுத்தான் ஏறினாங்க. ஒண்ணுமே சொல்லலை. ஆனா பாதி தூரம் என் தோளைப் பிடிச்ச பிடி தளரவே இல்லை.

உங்க வண்டியில பின்னாடி யாரு உட்கார்றாங்க? ஸ்பேனரைத் தொடறதுக்கு முன்னாடி, அவங்களை ஒருதரம் நினைச்சுக்கங்க பாஸ்!